ரே டிரேசிங் போட்டா வேகம் ஏன் பாதியாகுது? ஆர்டி கோர் சும்மாதானே கிடக்குது?

5 ஜூலை 2025, இரவு 9:12 | கேள்வி

ஆர்டிஎக்ஸ் 4060 8 ஜிபி கார்டு, ரைசன் 5 3600 சிபியு, பி450 போர்டு, 16 ஜிபி ரேம், 1440பி மானிட்டர். ஒரு ஓப்பன் வேர்ல்டு கேம். பேரைச் சொன்னா ரசிகர் சண்டை ஆயிடும், விடுங்க. டிஎல்எஸ்எஸ் (சின்னதா வரைஞ்சு பெருசாக்கிக் காட்டற வசதி) குவாலிட்டியில ரே டிரேசிங் (ஆர்டி; ஒளிக்கதிர், அதாவது ரே, போற பாதையைக் கணக்குப் போட்டு நிழல், பிரதிபலிப்பு வரையறது) இல்லாம 80 எஃப்பிஎஸ் (செகண்டுக்கு 80 ஃப்ரேம்) வருது. ஆர்டி அல்ட்ரா போட்டா 45. நடுநடுவுல 20 வரைக்கும் குத்துது.

என் சந்தேகம்: ஆர்டி கோர்னு தனியா ஒண்ணு இருக்கு. ஆஃப்ல இருக்கறப்ப அது சும்மா கிடக்குது. ஆன் பண்ணா அது பாட்டுக்கு அது வேலையைப் பார்க்கணும், மத்த கோர் மத்த வேலையைப் பார்க்கணும். மொத்தமும் ஏன் படுக்குது? கேம்காரன் ஆப்டிமைஸ் பண்ணலன்னுதான் நான் சொல்வேன். தப்புன்னா சொல்லுங்கண்ணா.

5 ஜூலை, இரவு 10:30

தம்பி, முதல்ல எஃப்பிஎஸ்ல பேசறதை விட்டுட்டு மில்லி செகண்டுக்கு வா.

80 எஃப்பிஎஸ்னா ஒரு ஃப்ரேமுக்கு 12.5 மில்லி செகண்ட். 45-ன்னா 22.2. ஆக ரே டிரேசிங் உன்கிட்ட வாங்கினது 9.7 மில்லி செகண்ட். இதே 9.7-ஐ 140-ல ஓடற கேம்ல சேர்த்தா 59-க்கு இறங்கும். 40-ல ஓடறதுல சேர்த்தா 29. ஒருத்தன் "81 எஃப்பிஎஸ் போச்சே"ன்னு அலறுவான், இன்னொருத்தன் "11 தானே போச்சு"ன்னு சொல்வான். ரெண்டு பேரும் கொடுத்தது ஒரே காசு. "பாதியாச்சு"ங்கறது நீ எங்கேர்ந்து ஆரம்பிச்சேங்கறதைத்தான் சொல்லுது.

கேக்க வேண்டிய கேள்வி, அந்த 9.7-க்குள்ள என்னென்ன இருக்கு.

5 ஜூலை, இரவு 10:52

ஆர்டி கோர் தனியா இருக்குங்கறது பாதிதான் சரி. 4060-ல 24 எஸ்எம் (கோர்களைக் கட்டி வெச்ச தொகுதி) இருக்கு, ஒவ்வொண்ணுக்குள்ளயும் ஒரு ஆர்டி கோர். அதுக்குத் தெரிஞ்சது ரெண்டே சோதனை: இந்த ரே இந்தப் பெட்டியைத் தொடுதா, இந்த முக்கோணத்தைத் தொடுதா. சீன்ல எல்லாப் பொருளும் குட்டி முக்கோணங்களால ஆனது; அந்த எல்லா முக்கோணத்தையும் பெட்டிக்குள்ள பெட்டியா அடுக்கி வெச்ச மரம்தான் பிவிஎச். அதுல மேலேர்ந்து இறங்கி "இந்த முக்கோணம், இவ்வளவு தூரத்துல"ன்னு பதில் கொடுக்கும். அதோட கடமை முடிஞ்சது.

அந்த மரத்தைக் கட்டறது யாரு? எந்தத் திசையில ரே விடணும்னு முடிவு பண்றது யாரு? பட்ட இடத்தோட டெக்ஸ்ச்சரை (பரப்பு மேல ஒட்டற படம்) எடுத்து நிறம் போடறது, கடைசியில புள்ளி புள்ளியா வர்ற படத்தைத் துடைக்கறது? எல்லாம் நீ "மத்த கோர்"னு சொன்ன அதே ஷேடர் கோர்தான். ஆர்டி ஆன் பண்ணா அதுக்கு வேலை கூடத்தான் செய்யும்.

6 ஜூலை, காலை 7:40

ரே எண்ணிக்கையைப் போட்டுப் பார்ப்போம். 1440பி-யில டிஎல்எஸ்எஸ் குவாலிட்டின்னா உள்ள ஓடறது 1707 x 960, சுமார் 16.4 லட்சம் பிக்சல். கேமராவிலேர்ந்து நேரா தெரியற முதல் பரப்பை இன்னும் பழைய ராஸ்டர் (முக்கோணத்தை நேரா திரையில வரையற) முறையிலதான் வரையறாங்க, அதுக்கு ரே கிடையாது. அப்புறம் ஒரு பிக்சலுக்கு நிழலுக்கு 1, பிரதிபலிப்புக்கு 1, அது பட்ட இடத்துல நிழல் பார்க்க இன்னொண்ணு, சுத்துவெளிச்சத்துக்கு (சுவர், தரையில பட்டுத் தெறிச்சு வர்ற வெளிச்சம்) 1, அதுக்கும் நிழல் பார்க்க 1. மொத்தம் 5. 60 எஃப்பிஎஸ்ஸுக்கு செகண்டுக்கு சுமார் 49 கோடி ரே.

2018-ல ஆர்டிஎக்ஸ் 2080 டிஐ-க்கு என்விடியா விளம்பரத்துல போட்டது "10 கிகா ரே". அதாவது செகண்டுக்கு 1000 கோடி. நமக்கு வேண்டியதுக்கு 20 மடங்கு. நேட்டிவ் 4கே-ல (சுருக்காம நேரா வரையறது) அதே 5 ரே போட்டாக்கூட 249 கோடிதான் ஆகுது. அப்போ இடிக்கறது எண்ணிக்கை இல்லை.

விளம்பர எண் மரத்துல இறங்கற வேகத்தைச் சொல்லுது. பட்ட இடத்துல நடக்கற வேலை அதுல சேராது. பக்கத்து பக்கத்து ரே ஒரே பக்கம் போற நல்ல சூழ்நிலையும் நிஜ கேம்ல அடிக்கடி கிடைக்காது.

ஜிபியு 32 பிக்சலைச் சேர்த்து ஒரே கட்டளையில ஓட்டும். ஷேர் ஆட்டோ மாதிரி. 32 பேரும் ஒரே ஸ்டாப்புன்னா பறக்கும். ஒருத்தன் மார்க்கெட், ஒருத்தன் ஆஸ்பத்திரி, ஒருத்தன் ஊருக்கு வெளியன்னா எல்லாரும் எல்லா இடத்தையும் சுத்திட்டுத்தான் இறங்கணும். சொரசொரப்பான சுவத்துல பட்டுக் கிளம்பற 32 ரே 32 திசையில போகும். ஒண்ணு இலையில படும், ஒண்ணு இரும்புல, ஒண்ணு மனுஷத் தோல்ல. ஒவ்வொண்ணுக்கும் வேற ஷேடர் (நிறம் கணக்குப் போடற சின்ன புரோகிராம்), வேற டெக்ஸ்ச்சர், மெமரியில வேற மூலை.

இதனால ஒரு வேடிக்கை. கண்ணாடி மாதிரி பளபளக்கற தரைதான் கார்டுக்குக் கனம்னு பலர் நினைப்பாங்க. ஒரு ரேக்கு என்ன செலவுன்னு பார்த்தா அதுதான் மலிவு. பக்கத்து பக்கத்து ரே கிட்டத்தட்ட ஒரே பக்கம் போகும், துடைக்கவும் அதிகம் இருக்காது. மங்கலான பளபளப்பும் சுத்துவெளிச்சமும்தான் ஆளைச் சாப்பிடும்.

6 ஜூலை, காலை 8:05

மேல சொன்னதோட ஒட்டி: மெமரி மூலை மூலையா அலையறதாலதான் எல்2 கேஷ் (சிப்புக்குள்ளயே இருக்கற சின்ன வேக மெமரி) இதுல அவ்வளவு முக்கியம். 3060-ல 3 எம்பி, 4060-ல 24 எம்பி. 4060-க்கு பேண்ட்விட்த் (மெமரியிலேர்ந்து டேட்டா வர்ற வேகம்) செகண்டுக்கு 272 ஜிபி, 3060 12 ஜிபி கார்டுக்கு 360. காகிதத்துல 3060 முன்னாடி. மரத்தோட மேல்தட்டு கேஷ்லயே தங்கறதால அந்தக் குறையை 4060 பெருமளவு சரிக்கட்டிக்குது. வி-ரேம் (கார்டோட சொந்த மெமரி) நிரம்பாத வரைக்கும். அதைப் பத்திப் பின்னாடி சொல்றேன், உன்னோட 20 எஃப்பிஎஸ் குத்து அங்கதான் இருக்குன்னு சந்தேகம்.

40 சீரிஸ்ல கலைஞ்சு போன ரேக்களை ஒரே மாதிரி வேலை உள்ளதா அடுக்கி ஓட்டற வசதியும் இருக்கு. ஆனா கேம் அதைக் கேட்டுக் கூப்பிடணும், தானா நடக்காது. 2025 மார்ச்சுல மைக்ரோசாஃப்ட் டிஎக்ஸ்ஆர் (கேம் கார்டுகிட்ட ரே டிரேசிங் கேக்கற பொது மென்பொருள் முறை) 1.2-ல அதைப் பொதுவா சேர்க்கறதா அறிவிச்சாங்க. இன்டெல் 2022 ஆர்க் கார்டுலயே அடுக்கறதுக்குத் தனி ஹார்டுவேர் வெச்சுட்டான்.

6 ஜூலை, மதியம் 1:15

"ரே டிரேசிங்கே 2018-ல என்விடியா கண்டுபிடிச்சதுதானே"ன்னு நடுவுல ஒருத்தர். இல்லை சார். 1968-ல ஆர்தர் அப்பெல் நிழலுக்காக ரே விட்டார். 1980-ல டர்னர் விட்டட் பிரதிபலிப்பும் ஒளிவிலகலும் சேர்த்தார். அவரோட கோளமும் கட்டம் போட்ட தரையும் உள்ள படம் 640 x 480, வாக்ஸ் 11/780 மெஷின்ல 74 நிமிஷம். 60 எஃப்பிஎஸ்ஸுன்னா அந்த 74 நிமிஷத்துல நீங்க 2,66,400 ஃப்ரேம் போடணும். 2018 மார்ச்சுல டிஎக்ஸ்ஆர் அறிவிப்பு, செப்டம்பர்ல 20 சீரிஸ் கடைக்கு வந்தது. அவ்வளவுதான் 2018.

6 ஜூலை, இரவு 9:20

இப்ப மரம் கட்டற கூலி. மரம் ரெண்டு அடுக்கு. கீழ ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு மரம்: ஒரு கார், ஒரு கட்டடம், ஒரு ஆள். மேல எந்தப் பொருள் எங்க நிக்குதுன்னு சொல்ற ஒரே மரம். கட்டடம் நகராது, ஒரு தடவை நிதானமா நல்லாக் கட்டி, இறுக்கிச் சுருக்கி வெச்சுடலாம். மேல் மரத்தை ஒவ்வொரு ஃப்ரேமும் புதுசாக் கட்டறதுதான் வழக்கம்.

தொல்லை ஆளுங்களாலதான். நடக்கற ஒவ்வொரு ஆளோட உடம்பும் ஃப்ரேமுக்கு ஃப்ரேம் மாறுது. ஒரே மாடலை 30 பேருக்குப் போட்டிருந்தாலும் 30 பேர் கையும் காலும் 30 நிலையில. அதனால 30 தனி மரம். புதுசாக் கட்ட நேரமில்லன்னு பழைய மரத்தோட கிளையை அப்படியே வெச்சுட்டு பெட்டி அளவை மட்டும் மாத்துவாங்க. மலிவுதான். ஆனா ஆள் குனிஞ்சு, உருண்டு, கையை நீட்டினா பெட்டிங்க ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கும். ஒவ்வொரு ரேயும் தேவையில்லாம ரெண்டு மூணு கிளைக்குள்ள நுழைஞ்சு பார்க்கும். அதனால அளவு மாத்திக்கிட்டே வந்து, முறை வெச்சு ஒரு ஃப்ரேமுக்கு சில பேரை மட்டும் புதுசாக் கட்டுவாங்க. சில கேம்ல தூரத்து ஆளோட நிழலோ கண்ணாடிப் பிம்பமோ விட்டுவிட்டு அசையும் பார்த்திருப்பீங்க. அவங்க மரத்தை ஒவ்வொரு ஃப்ரேமும் தொடறதில்லைன்னு அர்த்தம்.

நகராத பொருள்லயும் வில்லங்கம் உண்டு. தெருவுக்குக் குறுக்கா சாய்வாப் போற ஒரு மின்கம்பி. மெலிசு, ஆனா அதைச் சுத்தின பெட்டி எக்ஸ், ஒய், இசட் அச்சுக்கு நேராத்தான் இருக்கணும். அதனால அந்த ஒரு கம்பிக்குத் தெரு மொத்தமும் அடங்கற பெட்டி. உள்ள 99 பங்கு வெறும் காத்து. தெருவுல போற ரே எல்லாம் அந்தப் பெட்டிக்குள்ள நுழைஞ்சு, ஒண்ணும் இல்லாம வெளிய வரும். கலைஞர் கம்பியைத் துண்டு துண்டா வெட்டி வெச்சா பாதி வலி போயிடும். ஏஎம்டி 2025 மார்ச்சுல விட்ட ஆர்எக்ஸ் 9070 எக்ஸ்டி-யில பெட்டியைச் சாய்ச்சு வைக்கற வசதியைச் சேர்த்ததுக்கு இந்த மாதிரி சாய்வான பொருள்தான் காரணம்.

6 ஜூலை, இரவு 9:48

இலையை விட்டுட்டேன், அது தனிக் கதை. மரத்தோட இலைக்கொத்து நிஜத்துல ஒரு தட்டையான நாலு மூலை அட்டை, மேல ஓட்டை ஓட்டையா டெக்ஸ்ச்சர். ரே அட்டையில பட்டதும் ஆர்டி கோருக்கு அது இலையா ஓட்டையான்னு தெரியாது. வேலையை நிறுத்தி, ஷேடரைக் கூப்பிட்டு, டெக்ஸ்ச்சரைப் பார்த்து, ஓட்டைன்னா திரும்ப இறங்கணும். ஒரு புதருக்குள்ள ஒரு ரே இதே மாதிரி பத்துப் பதினஞ்சு தடவை நின்னு நின்னு போகும். நகரத்துல நல்லா ஓடற கார்டு காட்டுல மண்டி போடறது இதனாலதான்.

40 சீரிஸ்லேர்ந்து முக்கோணத்தைக் குட்டி குட்டியா வகுத்து "இது இலை, இது ஓட்டை, இது ரெண்டுங்கெட்டான்"னு முன்கூட்டியே குறிச்சு வைக்கலாம். ரெண்டுங்கெட்டானுக்கு மட்டும் ஷேடர். 2024 டிசம்பர்ல வந்த இண்டியானா ஜோன்ஸ் கேமோட பாத் டிரேசிங்ல (கிட்டத்தட்ட எல்லா வெளிச்சத்தையும் ரே விட்டே போடற முறை) இதைத்தான் செடிகொடிக்குப் பயன்படுத்தினாங்க.

கேம் எழுதற யாராவது படிச்சா: ஓட்டை இல்லாத பொருளுக்கெல்லாம் ஒபேக் கொடியை (ஃப்ளாக்) போடுங்க. நிழல் ரேக்கு முதல் அடி பட்டதும் நிறுத்தற கொடியைப் போடுங்க. நிழலுக்கு "ஏதாவது குறுக்க இருக்கா"ன்னு தெரிஞ்சாப் போதும், எது கிட்டன்னு தேட வேண்டியதில்லை. ரெண்டும் ஒவ்வொரு வரி. விட்டுப் போனதைப் பிழைன்னு யாரும் சொல்ல மாட்டாங்க, படமும் சரியாத்தான் வரும். மெதுவா வரும்.

7 ஜூலை, இரவு 8:30 | கேட்டவர்

அண்ணா, அப்போ 5 ரே-க்கு பதிலா ஒரு பிக்சலுக்கு 50 ரே விடற கார்டு வந்தா துடைக்கற வேலையே வேண்டாமில்ல?

7 ஜூலை, இரவு 9:10

வேணும். இது குருட்டாம்போக்குல மாதிரி எடுத்துக் கணக்கு போடற முறை. நாய்ஸ், அதாவது அந்தப் புள்ளி புள்ளி, மாதிரி எண்ணிக்கையோட வர்க்கமூலத்துலதான் குறையும். பாதியாக்க 4 மடங்கு ரே, பத்துல ஒண்ணாக்க 100 மடங்கு. 5-க்கு பதிலா 50 ரே விட்டாலும் சுமார் 3-ல ஒரு பங்குதான் ஆகும், இருட்டு அறையில அதுவும் மண்ணு கொட்டின மாதிரி தெரியும். முரட்டு பலத்துல ஜெயிக்கற ஆட்டம் இல்லை இது.

அதனால டீநாய்சர். பக்கத்துப் பிக்சல்கிட்டயும் போன ஃப்ரேம்கள்கிட்டயும் கடன் வாங்கிச் சராசரி எடுக்கும். போன ஃப்ரேம்ல இந்த இடம் எங்க இருந்ததுன்னு மோஷன் வெக்டர் சொல்லும். தூண் மறைச்சிருந்த சுவர் திடீர்னு தெரிஞ்சா அதுக்குப் பழைய கணக்கே இல்லை. அந்த விளிம்புல மட்டும் ஒரு நொடி கொதிக்கற மாதிரி இருக்கும். விளக்கை அணைச்சா வெளிச்சம் உடனே போகாம இழுத்துக்கிட்டே மங்கறதும் இந்தக் கடனாலதான்.

இந்தத் துடைக்கற வேலை பிக்சல் எண்ணிக்கையைப் பொறுத்தது, சீனைப் பொறுத்தது இல்லை. வெறும் வானத்தைப் பார்த்தாலும் அந்த நேரம் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். நிழல், பிரதிபலிப்பு, சுத்துவெளிச்சம் மூணுக்கும் தனித்தனி டீநாய்சர் ஓடினா கூலியும் தனித்தனி.

2023 செப்டம்பர்ல டிஎல்எஸ்எஸ் 3.5-ஓட வந்த ரே ரீகன்ஸ்ட்ரக்ஷன் இந்தத் தனித்தனித் துடைப்பத்தையும் அப்ஸ்கேலரையும் ஒண்ணாக்கிடுச்சு. 4060-ல தாராளமா போடு. 20, 30 சீரிஸ்லயும் வேலை செய்யும், ஆனா 2025-ல வந்த டிரான்ஸ்ஃபார்மர் ஏஐ மாடல் அந்தப் பழைய கார்டுங்களுக்குக் கொஞ்சம் பாரம்.

புத்திசாலித்தனமா ரே விடறதுதான் இன்னொரு வழி. நூறு விளக்குல எது இந்தப் பிக்சலுக்கு முக்கியம்னு பக்கத்துப் பிக்சலும் போன ஃப்ரேமும் ஏற்கனவே கண்டுபிடிச்சிருக்கும், அதை வாங்கிக்கறது. 2020-ல வந்த ரெஸ்டிர் அதுதான். 2023 ஏப்ரல்ல சைபர்பங்க் 2077 ஓவர்டிரைவ் முறை பாத் டிரேசிங்கை ஒரு பெரிய நகரத்துல ஓட்ட முடிஞ்சதுக்கு இதுவும் ஒரு பெரிய காரணம்.

8 ஜூலை, காலை 7:15

20 எஃப்பிஎஸ் குத்துக்கு வருவோம். அதை 45-ஓட சேர்த்துக் குழப்பிக்காதே, ரெண்டும் வேற நோய். குத்துக்கு ரெண்டு பேர் மேல சந்தேகம்.

ஒண்ணு வி-ரேம். பிவிஎச், டீநாய்சர் வெச்சுக்கற பழைய ஃப்ரேம்கள் எல்லாம் வி-ரேம்லதான் உக்காரும். 8 ஜிபி-யில அல்ட்ரா டெக்ஸ்ச்சரும் ஆர்டி-யும் சேர்ந்து 1440பி-ல மூச்சு முட்டும். மிச்சத்தை விண்டோஸ் சத்தமில்லாம சிஸ்டம் ரேமுக்குத் தள்ளிடும். இப்ப உன் போர்டைப் பாரு: 4060-க்கு பிசிஐஇ லேன் (போர்டோட பேசற பாதை) 8 தான். பி450 பிசிஐஇ 3.0. செகண்டுக்கு சுமார் 7.9 ஜிபி. கார்டோட சொந்த மெமரிக்கு செகண்டுக்கு 272 ஜிபி. 34 மடங்கு மெதுவான சந்துல போய் ஒரு டெக்ஸ்ச்சரை எடுத்துட்டு வர்ற வரைக்கும் ஃப்ரேம் நிக்குது. இதே கார்டு 4.0 போர்டுல இருந்தா குத்து இருக்கும், ஆனா இவ்வளவு ஆழம் இருக்காது.

இன்னொண்ணு சிபியு. ராஸ்டர்ல உன் முதுகுக்குப் பின்னாடி இருக்கறதை வரைய வேண்டியதில்லை, தூக்கிப் போட்டுடலாம். ரே டிரேசிங்ல பின்னாடி இருக்கற கட்டடம்தான் முன்னாடி இருக்கற கண்ணாடியில தெரியுது. தூக்க முடியாது. சுத்தி இருக்கற எல்லாத்தையும் ஃப்ரேமுக்கு ஃப்ரேம் மேல் மரத்துல பதிவு பண்ணணும், அந்தப் பட்டியலைத் தயார் பண்றது சிபியு. 3600-ல எல்3 கேஷ் 32 எம்பின்னு எழுதியிருக்கும், நிஜத்துல 16 + 16 ரெண்டு துண்டு. வண்டியில வேகமாப் போறப்ப புதுத் தெரு ஏத்தற வேலையும் சேர்ந்தா திணறும்.

பிரிச்சுப் பார்க்கற வழி. விசிங்கை (மானிட்டர் வேகத்தோட கட்டிப் போடற வசதி) அணை, எஃப்பிஎஸ் வரம்பை எடு. எப்பவும் ஒரே இடம், ஒரே பாதை; கேமுக்குள்ள பெஞ்ச்மார்க் இருந்தா அது. முதல் ஓட்டத்தைக் கணக்குல எடுக்காதே, ஷேடர் கேஷ் நிரம்பற நேரம் அது. ஆர்டி ஆன்லயே வெச்சுட்டு டிஎல்எஸ்எஸ்ஸை அல்ட்ரா பெர்ஃபார்மன்ஸுக்கு இறக்கு. எஃப்பிஎஸ் நல்லா ஏறினா ஜிபியுதான் தடை. அசையாம அங்கயே நின்னா சிபியு. அப்புறம் டாஸ்க் மேனேஜர்ல ஜிபியு பக்கத்தைத் திறந்து வெச்சு, குத்து வர்ற நேரத்துல ஷேர்டு ஜிபியு மெமரி என்ன ஆகுதுன்னு பாரு. அரை ஜிபி-க்குள்ள இருந்தா சாதாரணம். 1.5, 2-ன்னு ஏறினா கொட்டுதுன்னு அர்த்தம். சராசரி எஃப்பிஎஸ் எழுதாதே, 1 சதவீத லோ (மோசமான 1 சதவீத ஃப்ரேம்களோட வேகம்) எழுது. அளக்க கேப்ஃபிரேம்எக்ஸ் புரோகிராம் போதும், இலவசம்.

8 ஜூலை, இரவு 10:40

"ப்ரோ, என்கிட்ட 6700 எக்ஸ்டி, எனக்கு இன்னும் மோசமா விழுது, டிரைவரா"ன்னு கேட்டவருக்கு: டிரைவர் இல்லை, வடிவமைப்பு. ஆர்டிஎன்ஏ 2-ல (உங்க ஏஎம்டி கார்டோட தலைமுறை) ஹார்டுவேர் பெட்டிச் சோதனையும் முக்கோணச் சோதனையும் மட்டும்தான் பண்ணும். அடுத்து எந்தக் கிளை, திரும்ப எங்க ஏறணும்னு முடிவு பண்ற சுழற்சி ஷேடர்லதான் ஓடுது. என்விடியாவில அதுவும் ஆர்டி கோருக்குள்ள. ரே எவ்வளவு நேரம் மரத்துல அலையுதோ அவ்வளவுக்கு உங்க ஷேடர் கோர் மாட்டிக்கும். அதனால நிழல் மட்டும்னா உங்க கார்டு சமாளிக்கும், பாத் டிரேசிங்னா படுக்கும். ஆர்டிஎன்ஏ 4-ல ஒரு கிளாக்குக்கு 4 பெட்டி, 1 முக்கோணம்கறது 8 பெட்டி, 2 முக்கோணமா ஆச்சு.

பிஎஸ்5-லயும் அதே ஆர்டிஎன்ஏ 2 குடும்பம்தானே, அதுல எப்படி 60 எஃப்பிஎஸ் ஆர்டி ஓடுதுன்னு அடுத்த கேள்வி வரும். ஏமாத்தறாங்க, நல்ல அர்த்தத்துல. பிரதிபலிப்புக்குன்னு தனியா எளிமையான உலகம்: கட்டடம் குறைஞ்ச முக்கோணம், செடி பாதி காணோம், நிழல் மலிவான வகை. ரெசல்யூஷன் பாதி. ஒரு கண்ணாடிக் கட்டடம் முன்னாடி நின்னு எதிர்த்தெருவையும் பிம்பத்தையும் மாத்தி மாத்திப் பாருங்க, தெரியும். ஓடிக்கிட்டே இருக்கறப்ப கண்டுபிடிக்கறது கஷ்டம். அது நியாயமான ஏமாத்து.

9 ஜூலை, இரவு 9:05

6-ம் தேதி போட்ட 5 ரே கணக்குக்கு ஒரு சேர்க்கை. எல்லாப் பிக்சலும் எல்லா ரேயும் விடறதில்லை. பரப்பு எவ்வளவு வழவழப்புன்னு பார்த்து, ஒரு கோட்டுக்குக் கீழ இருந்தா பிரதிபலிப்பு ரே விட மாட்டாங்க. 2018-ல வந்த பேட்டில்ஃபீல்டு 5-ல அந்தக் கோடு லோ, மீடியத்துக்கு 0.9, ஹை, அல்ட்ராவுக்கு 0.5. அதிகபட்ச ரே எண்ணிக்கையும் திரைப் பிக்சல்ல அல்ட்ராவுக்கு 40 சதவீதம், லோ-வுக்கு 15. லோ, மீடியம்னா கண்ணாடியும் தண்ணியும் மட்டும்; ஹை போட்டா மெழுகு போட்ட மரத்தரை வரைக்கும் உள்ள வரும். நான் மேல சொன்ன மங்கலான பளபளப்பு, அதே கனமான ரே.

அதனால எந்தக் கேம்லயும் அல்ட்ராவுக்கும் அதுக்கு அடுத்த படிக்கும் நடுவுல உள்ள விலையைத்தான் முதல்ல பேரம் பேசணும். உனக்கு என் யோசனை: சூரிய நிழலை ராஸ்டருக்கே விடு, நடமாடறப்ப யாரும் பார்க்கறதில்லை. பிரதிபலிப்பை ஆன்ல வை, நகரத்துல அதுதான் கண்ணுக்குத் தெரியற பலன். சுத்துவெளிச்சத்தை மீடியம். டெக்ஸ்ச்சரை ஒரு படி இறக்கு, 1440பி-ல வித்தியாசம் தேடணும். கூட்ட அடர்த்தியை மீடியம் பண்ணு, சிபியுவுக்கும் ஆளுங்க மரத்துக்கும் ஒரே கல்லு. ஒவ்வொண்ணா மாத்து, மில்லி செகண்டுல எழுது.

11 ஜூலை, இரவு 11:20 | கேட்டவர்

அண்ணா பார்த்தேன். குத்து வர்றப்ப ஷேர்டு மெமரி 2.3 ஜிபி. டெக்ஸ்ச்சர் ஒரு படி இறக்கினதும் 0.6-க்கு வந்துச்சு, 20-க்குப் போறது நின்னு போச்சு. நீங்க சொன்ன மாதிரி மத்ததையும் மாத்தி இப்ப 58. அல்ட்ரா பெர்ஃபார்மன்ஸ் போட்டா 64 வரைக்கும் போய் அங்கயே நிக்குது. ஃப்ரேம் ஜெனரேஷன் போட்டுடவா?

12 ஜூலை, காலை 8:00

64-ல நிக்குதா? அப்போ உன் சிபியு சுவர் 64. ஜிபியு 58 வரைக்கும் வந்துடுச்சு. இனி செட்டிங்ல கிடைக்கறது 6 எஃப்பிஎஸ், 1.6 மில்லி செகண்ட். அதுக்கு மேல தோண்டாதே. கேம்காரன் மேல போட்ட பழியில பாதியைத் திரும்ப எடுத்துக்கோ. மீதி பாதி இருக்கட்டும்: 8 ஜிபி கார்டுல அல்ட்ரா டெக்ஸ்ச்சரையும் ஆர்டி அல்ட்ராவையும் ஒண்ணா போட்டா வி-ரேம் தாண்டும்னு மெனுவுலயே எச்சரிக்கலாம்.

ஃப்ரேம் ஜெனரேஷன் ரெண்டு நிஜ ஃப்ரேமுக்கு நடுவுல ஒண்ணைச் சொருகும். அதுக்காக வந்த ஃப்ரேமைக் கொஞ்சம் பிடிச்சு வெக்கணும், கைக்கு லேட்டன்சி (பட்டன் அழுத்தினதுக்கும் திரையில தெரியறதுக்கும் நடுவுல தாமதம்) கூடும். 30-ஐ 60-ஆ காட்டினா பார்க்க 60, கையில 30-ஐவிட மந்தம். உன்கிட்ட அடி 58 இருக்கு, தாங்கும். துப்பாக்கிச் சண்டை ஆன்லைன்ல ஆடறதுன்னா வேண்டாம். அதுவும் வி-ரேம் கேக்கும். போட்டதும் ஷேர்டு மெமரியை மறுபடி பாரு. திரும்ப 2 ஜிபி ஏறினா குத்து திரும்பும், அப்போ டெக்ஸ்ச்சர் இன்னொரு படி.

12 ஜூலை, காலை 8:25

சிபியு சுவர்ல ஃப்ரேம் ஜெனரேஷன் உதவறதுக்குக் காரணம், சொருகற ஃப்ரேமுக்கு சிபியு மேல் மரப் பட்டியல் எதுவும் தயார் பண்ண வேண்டியதில்லை. டிஎல்எஸ்எஸ் அப்ஸ்கேலிங்குக்கு அந்தச் சக்தி கிடையாது. ரெண்டுக்கும் டிஎல்எஸ்எஸ்னு ஒரே பேர் வெச்சதால குழப்பம் வருது.

13 ஜூலை, மாலை 6:50 | கேட்டவர்

கடைசிக் கேள்விண்ணா. 4060-ஐ வித்துட்டு 5060 டிஐ 16 ஜிபி எடுக்கலாமா?

13 ஜூலை, இரவு 9:30

எடுத்தா டெக்ஸ்ச்சரை மறுபடி ஏத்திக்கலாம், வி-ரேம் கொட்டாது. ஆனா 64 சுவர் அப்படியே நிக்கும். அதுவும் 8 லேன் கார்டுதான், உன் போர்டுல 3.0-லதான் ஓடும். இந்தக் கேம்ல ஆர்டி ஆன்ல வெச்சு 90 வேணும்னா முதல்ல சிபியு. ஏஎம்4-லயே (உன் போர்டோட சிபியு சாக்கெட்) 5700எக்ஸ்3டி அல்லது 5800எக்ஸ்3டி, எல்3 96 எம்பி ஒரே துண்டு, போர்டு மாத்த வேண்டியதில்லை. விலை ரொம்ப ஏத்திச் சொன்னா சாதாரண 5700எக்ஸ் எடு. அதுலயும் 32 எம்பி எல்3 ஒரே துண்டா இருக்கு.

பயாஸ் அப்டேட்டை இப்பவே, 3600 போர்டுல இருக்கறப்பவே பண்ணிடு. பி450-ல பழைய பயாஸோட புது சிபியு மாட்டினா திரை வராது, அப்புறம் 3600-ஐத் திரும்ப மாட்டி, பேஸ்ட் திரும்பத் தடவி, அதே வேலை ரெண்டு தடவை.